புகையான் நடத்திய பள்ளிக்கூடம்: ஜாவா உழவர்களின் வயல்வெளிப் பள்ளி – ஒரு நிகழ்வு ஆய்வு

1985 நவம்பரில் இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோ ரோம் நகருக்குப் போனார். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் 40ஆம் ஆண்டு விழா அது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை உலகச் சந்தையில் வேறெந்த நாட்டையும்விட அதிகமாக அரிசி வாங்கிக்கொண்டிருந்த நாடு இந்தோனேசியா. 1984இல் தன் மக்களுக்கு வேண்டிய அரிசியைத் தானே விளைவித்துவிட்டது. அந்தச் சாதனையைச் சொல்லத்தான் அவரை அழைத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவில் பஞ்சம் நிலவிய நேரம் என்பதால், இந்தோனேசிய உழவர்களின் கொடையாக ஒரு லட்சம் டன் நெல்லையும் அறிவித்தார்.

அதற்குள் அந்நாட்டின் ஜாவா தீவில் வயல்களில் பயிர் வட்டவட்டமாகக் காயத் தொடங்கியிருந்தது. 1986க்குள் நாட்டின் அரிசிக் களஞ்சியமே ஆட்டம் கண்டது. காரணம் புகையான் என்ற, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேற்றுவரை பச்சையாக நின்ற பயிரின் நடுவில் ஒரு திட்டு பழுக்கும். நாலு நாளில் அது கருகிச் சாய்ந்து, நெருப்பு வைத்தது போல ஆகிவிடும். தூரை விலக்கிப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பு நிறத்தில் ஆயிரக்கணக்கில் அப்பிக்கொண்டிருக்கும். கேரளத்தின் குட்டநாடு 1973–74இல் பட்ட பாடு இந்தப் பூச்சியால்தான்.

ஜாவாவில் அப்புறம் நடந்தது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. ஊருக்குள்ளேயே உணவை உறுதிசெய்வது பற்றி நாம் பேசும்போது நிலம், நீர், விதை என்று அடுக்குகிறோம். அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் வைத்திருப்பவர் தன் பயிரைப் பார்த்து, இன்றைக்கு என்ன செய்வது என்று தானே முடிவெடுக்கும் திறன் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தத் திறனைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று பத்து லட்சம் பேரை வைத்துக் காட்டிய நாடு இந்தோனேசியா. அதை எப்படி இழக்கலாம் என்பதையும் அதே நாடு காட்டியது.

மருந்து வளர்த்த பூச்சி

1960களின் கடைசியில் ஐஆர் என்ற அதிக விளைச்சல் நெல் ரகங்கள் வந்தபோது விதை, உரம், மருந்து, கடன் எல்லாமே ஒரே தொகுப்பாகக் கிராமத்துக்குள் நுழைந்தன. சில பகுதிகளில் வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளே விமானத்தில் தெளித்தன. 1980களின் நடுவில் பூச்சிமருந்தின் விலையில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கை அரசே ஏற்றுக்கொண்டது. கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்த மருந்தை உழவர்கள் பூச்சி இருக்கிறதோ இல்லையோ நாள் கணக்கு வைத்துத் தெளித்தார்கள். அப்படித் தெளிக்கச் சொல்லித்தான் அவர்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டது.

புகையான் எதிர்ப்புள்ள ஐஆர் 26 வந்தது. சில பருவங்களிலேயே அந்த எதிர்ப்பு உடைந்தது. 1977இல் புகையானால் போன அரிசி 10 லட்சம் டன்னுக்கு மேல்.  பிறகு ஐஆர் 36 வந்து கொஞ்ச காலம் மூச்சுவிட வைத்தது. 1985–86இல் பூச்சி திரும்பி வந்தது.

இதன் உள்விவகாரத்தை பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் கென்மோர் என்ற பூச்சியியலாளர் 1970களின் கடைசியில் வயலிலேயே சோதித்துக் காட்டியிருந்தார். மருந்து தெளித்த பாத்தியில் புகையான் தெளிக்காத பாத்தியைவிடப் பல நூறு மடங்கு பெருகியது. காரணம் எளிமையானது. புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் கீறிச் செருகி வைக்கிறது. மருந்து அங்கே போய்ச் சேராது. வெளியே திரியும் தரைச்சிலந்தி, புகையான் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி, நீர்தாண்டி எல்லாம் முதல் தெளிப்பிலேயே செத்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரித்து வெளியே வரும் குஞ்சுகளுக்குக் காவலே இல்லாத வயல் கிடைக்கும். ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு தலைமுறை முடிய ஒரு மாதம்கூட ஆகாது. உழவர் பயந்து மறுபடி தெளிப்பார். அப்புறம் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1990களில் ஜாவாவிலேயே நடந்த ஆய்வு ஒன்று இதற்கு இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. நட்ட முதல் சில வாரங்களில் வயலில் பயிரைத் தின்னும் பூச்சி அதிகம் இருக்காது. ஆனாலும் சிலந்திகள் இருக்கின்றன. எதைத் தின்று உயிர் வாழ்கின்றன? சேற்றில் மக்கும் தழையைத் தின்று வளரும் சிற்றுயிர்களையும், தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும் கொசு போன்ற பூச்சிகளையும்தான். மண்ணில் தழையும் எருவும் இருந்தால், புகையான் வருவதற்கு முன்பே அதன் எதிரிகள் வயலில் பெருகி நிற்கும். நட்ட இருபதாம் நாளில் ‘முன்னெச்சரிக்கையாக’ அடிக்கும் மருந்து முதலில் கலைப்பது இந்தக் காவற்படையைத்தான். தொழு உரம் போட்ட வயலில் பூச்சித் தொல்லை குறைவு என்று நம் பெரியவர்கள் சொல்வதில் இந்தக் கணக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

57 மருந்துகள், ஒரு கையெழுத்து

ஈடா நியோமன் ஓக்கா போன்ற இந்தோனேசியப் பூச்சியியலாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். மானியத்துக்குப் போகும் பணத்தைக் கண்டு கவலைப்பட்ட பொருளாதார ஆலோசகர்களும் அவர்களோடு சேர்ந்தபோதுதான் அரசு காது கொடுத்தது. 1986 நவம்பர் 5ஆம் தேதி அதிபர் ஆணை வந்தது. நெல்லில் 57 பூச்சிமருந்துகளைப் பயன்படுத்தத் தடை. மானியமும் படிப்படியாகக் குறைந்து 1989 ஜனவரியில் அடியோடு நின்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி டாலர் மிச்சம். அடுத்த சில ஆண்டுகளில் மருந்துப் பயன்பாடு பாதிக்கும் கீழே போனது. நெல் விளைச்சல் குறையும் என்று பயமுறுத்தியவர்கள் பலர். விளைச்சல் அதிகரிக்கத்தான் செய்தது.

ஆனால் ஆணையால் மருந்தைத் தடுக்க மட்டும்தான் முடியும். நாளை காலை வயலுக்குப் போகும் உழவர் தூரில் பத்துப் பூச்சியைப் பார்க்கிறார். முன்பு மருந்தடித்தார். இப்போது என்ன செய்வார்?

முதலில் பழைய பாணியில்தான் முயன்றார்கள். விரிவாக்க அலுவலர் வருவார், ‘தூருக்கு இத்தனை பூச்சி இருந்தால் அடி, அதற்குக் கீழே என்றால் விடு’ என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார். அது எடுபடவில்லை. எண்ணைச் சொன்னால் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ண வேண்டுமானால் எது எந்தப் பூச்சி என்று தெரிய வேண்டும். தெரிந்தாலும், எண்ணுக்குக் கீழே இருக்கும்போது சும்மா இருக்கத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் மேடைப் பேச்சால் வராது.

பள்ளி எப்படி நடந்தது

1989இல் யோக்யகர்த்தா பகுதியில் முதல் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இந்தோனேசியாவின் திட்டக் குழுவும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்திய திட்டம் இது. இதை வடிவமைத்தவர்களில் முதியோர் கல்வியிலும் முறைசாராக் கல்வியிலும் ஊறியவர்கள் இருந்தார்கள். பள்ளியின் அமைப்பைப் பார்த்தாலே அது தெரியும்.

முதலில் ஆசிரியர்கள். பூச்சி கண்காணிப்பாளர்களாக அரசுப் பணியில் இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்து ஓராண்டுக்கு மேல் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியின் முதல் வேலை, ஒரு பாத்தியைக் கையில் கொடுத்து நெல் விளைவிக்கச் சொன்னது. உழுது, நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து, அறுத்துக் காட்ட வேண்டும். படித்து வந்த பல அலுவலர்கள் சேற்றில் முழு நெல் பருவம் ஒன்றைக் கழித்தது அதுதான் முதல் தடவை. இந்தத் திட்டத்தில் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது இது என்பது என் கணிப்பு.

பிறகு மாணவர்கள். ஒரு பள்ளிக்கு 25 உழவர்கள், ஐந்து ஐந்து பேராக ஐந்து குழு. ஜாவாவில் பெரும்பாலானவர்களுக்கு அரை ஹெக்டேருக்கும் குறைவான நிலம். வாரம் ஒரு காலை, பத்து பன்னிரண்டு வாரம், அதாவது நட்டதிலிருந்து கதிர் முற்றும் வரை. வகுப்பறை கிடையாது. கிராமத்திலேயே ஒரு வயலை எடுத்து இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு பாதியில் வழக்கம்போல உரமும் மருந்தும். மறுபாதியில் குழு பார்த்து, பேசி, முடிவுசெய்வதை மட்டுமே செய்வது.

ஒரு காலை வகுப்பு இப்படிப் போகும். வெயில் ஏறும் முன் ஒவ்வொரு குழுவும் வயலில் இறங்கும். குறுக்காக நடந்து ஆங்காங்கே ஒரு குத்தை, அதாவது ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்தை, தேர்ந்தெடுத்து உட்கார வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் நுனி இலைதான் தெரியும். புகையானும் சிலந்தியும் அடியில் இருக்கின்றன. தூரை மெல்ல விலக்கி என்னென்ன இருக்கிறது என்று எண்ணுவார்கள். எத்தனை தூர் வெடித்திருக்கிறது, பயிர் எவ்வளவு உயரம், இலை என்ன நிறம், தண்ணீர் எத்தனை விரல்கடை என்பதையும் குறிப்பார்கள். பெயர் தெரியாத பூச்சியைப் பிளாஸ்டிக் பையில் பிடித்து வருவார்கள்.

கரையேறி மரநிழலில் உட்கார்ந்ததும் ஒரு பெரிய தாளும் வண்ணக் கிரேயான்களும் வரும். நடுவில் அன்று பார்த்த வயதிலேயே நெற்பயிரை வரைய வேண்டும். தூர் எண்ணிக்கை, பழுத்த இலை எல்லாம் உள்ளபடி இருக்க வேண்டும். மேலே சூரியன் அல்லது மேகம், கீழே தண்ணீர் மட்டம். ஒரு பக்கம் பயிரைத் தின்னும் பூச்சிகள், மறுபக்கம் அந்தப் பூச்சிகளைத் தின்பவை, பக்கத்தில் எண்ணிக்கை. அடியில் குழுவின் முடிவு: தண்ணீர் வடிக்கலாம், மேலுரம் தள்ளிப்போடலாம், அல்லது ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் முழுதாகக் கலந்துகொள்ள முடியும். ஒரு சிலந்தியை வரைய வேண்டுமானால் அதற்கு எத்தனை கால், முதுகில் என்ன கோடு என்று உற்றுப் பார்த்தாக வேண்டும். கை வரைந்ததைக் கண் மறக்காது.

அப்புறம் ஒவ்வொரு குழுவும் படத்தைத் தூக்கிப் பிடித்து விளக்கும். மற்றவர்கள் மடக்குவார்கள். ‘நீங்கள் எட்டுச் சிலந்தி பார்த்தீர்கள், நாங்கள் இரண்டுதான் பார்த்தோம், எப்படி?’ ‘வரப்போரமா நடுவயலா?’ போன வாரப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பயிற்சியாளருக்கு ஒரு கடுமையான விதி உண்டு. உழவர் ஒரு பூச்சியைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. ‘எங்கே பிடித்தீர்கள்? அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? பக்கத்தில் வேறு என்ன இருந்தது?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். பெயரைச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். என்ன செய்கிறது என்று கேட்டால், உழவர் அதை ஒரு கண்ணாடிக் குப்பியில் புகையானோடு போட்டு மறுநாள் வரை பார்ப்பார். காலையில் வெறும் தோல் கிடந்தால், அந்தச் சிலந்தியைப் பற்றி அவருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

இப்படித்தான் பள்ளிதோறும் பூச்சிக் கூண்டுகள் வந்தன. ஒரு நெற்குத்தைச் சுற்றி வலைத்துணி கட்டி உள்ளே இன்ன எண்ணிக்கை புகையான், இன்ன எண்ணிக்கை சிலந்தி என்று விடுவார்கள். இன்னொரு கூண்டில் சிலந்தி இல்லாமல் புகையான் மட்டும். இன்னொன்றில் சிலந்தியோடு சேர்த்து, ஊரில் வழக்கமாக அடிக்கும் மருந்தையும் தெளித்துப் பார்ப்பார்கள்.

உழவரின் பயத்தைப் போக்கிய சோதனை இன்னொன்று உண்டு. குருத்துப்பூச்சி விழுந்து நடுக்குருத்து காய்ந்தால் மனம் பதறும். உடனே மருந்துக் கடைக்கு ஓடுவோம். பள்ளியில் சில குத்துகளை ஒதுக்கி, இளம் பருவத்தில் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று தூர்களைக் கத்திரியால் வெட்டிவிடுவார்கள். வேறு சில குத்துகளில் இலையைப் பாதியாகக் கத்தரிப்பார்கள். அறுவடையில் அவற்றைத் தனியாக எடை போடுவார்கள். இளம் பயிர் புதுத் தூர் வெடித்து இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. கதிர் வரும் நேரத்தில் அதே சேதம் நடந்தால் ஈடாகாது. அது மணி பிடிக்காத வெண்கதிராக முடியும். எந்த வயதுச் சேதத்துக்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது அப்படித் தெளிகிறது. பல நேரங்களில் மருந்துச் செலவைக் குறைத்தது இந்த ஒரு தெளிவுதான்.

பள்ளியில் பூச்சி மட்டுமே பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. மத்திய ஜாவாவில் நடந்து 1995இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட தெளிப்புகளில் தெளித்தவருக்குத் தலைச்சுற்றல், மூச்சுத் திணறல், வயிற்றுக் கோளாறு என்று மூன்று அறிகுறிகளாவது சேர்ந்து வந்தது பதிவானது. மேற்கு ஜாவாவில் நெல்வயலிலேயே மீன் வளர்க்கும் வழக்கம் பழையது. மருந்து அடிக்கும் வயலில் மீனும் இல்லை, நண்டும் இல்லை, தவளையும் இல்லை. ஒரு சிறு குடும்பத்தின் உணவு என்று பார்த்தால் அரிசி மூட்டை பாதிதான். குழம்புக்கு வயலிலிருந்து வருவது மீதி.

காலென்சாரி: பள்ளி முடிந்த பிறகு

பள்ளியில் கற்றது அங்கே சொல்லித்தந்த பூச்சியோடு நின்றிருந்தால் இந்தத் திட்டத்தை இவ்வளவு பேச வேண்டியதில்லை. 1989–90 மழைப்பருவத்தில் மேற்கு ஜாவாவின் வடகரையில் வெண் குருத்துப்பூச்சி பெரும் பரப்பை அழித்தது. புகையானுக்குச் சொன்ன ‘சிலந்தி பார்த்துக்கொள்ளும்’ என்ற விடை இதற்குப் பொருந்தாது. அரசு இயக்கமாக நடத்தி ஊர் ஊராக நாற்றங்காலில் முட்டைக் குவியல்களைப் பொறுக்கவைத்தது.

இந்திரமாயு மாவட்டத்தின் காலென்சாரி கிராமத்தில், பள்ளி முடித்த உழவர்கள் சிலர் இந்தப் பூச்சியைத் தாங்களே ஆராய உட்கார்ந்தார்கள். வெண் குருத்துப்பூச்சியின் புழு கோடையில் அறுத்த தாளின் அடியில் உறங்கிக் கிடக்கும். முதல் மழை மண்ணை நனைத்ததும் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக ஒரே அலையாய் வெளியே வரும். அந்த நேரம் பார்த்து நாற்றங்கால் பச்சையாக இருந்தால் முட்டை முழுவதும் அதில்தான். உழவர்கள் விளக்குவைத்து அந்து வரும் நாளைக் குறித்தார்கள், மழை நாளோடு ஒப்பிட்டார்கள், நாற்று விடும் நாளை அந்த அலை ஓய்ந்த பிறகு வைத்துப் பார்த்தார்கள். சேதம் குறைந்தது.

ஆனால் ஒருவர் மட்டும் தள்ளி விதைத்துப் பயனில்லை. பக்கத்து நாற்றங்காலிலிருந்து பூச்சி வந்துவிடும். ஊரே ஒன்றாக விதைக்க வேண்டும். அதற்கு வாய்க்கால் தண்ணீர் சரியான நாளில் வர வேண்டும். ஆகவே பூச்சி ஆராய்ச்சி ஊர்க்கூட்டமாக மாறியது, ஊர்க்கூட்டம் நீர்ப்பாசன அதிகாரியிடம் போய்ப் பேசுவதாக மாறியது. சுஹார்த்தோ ஆட்சிக் காலத்தில் சிறு உழவர்கள் கையில் தரவுத்தாளோடு அலுவலகத்துக்குப் போய் ‘இந்த நாளில் தண்ணீர் விடுங்கள்’ என்று கேட்டது சாதாரண விஷயமில்லை. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகமாக இருக்கிறது. கற்றவர்கள் கற்பித்தவர்களைத் தாண்டிப் போன இடம் இது.

கணக்குப் பார்த்தவர்கள் சொன்னது

1999க்குள் இந்தோனேசியாவில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இந்தப் பள்ளிகளை முடித்திருந்தார்கள். 1993 முதல் உலக வங்கிக் கடனும் திட்டத்துக்கு வந்தது. அதே உலக வங்கியின் ஆய்வாளர்கள் 1991இலும் 1999இலும் ஒரே குடும்பங்களிடம் எடுத்த தரவுகளை வைத்து 2004இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: பள்ளி முடித்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் விளைச்சலிலோ மருந்துச் செலவிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை, பக்கத்து வயல்காரர்களுக்கும் கற்றது பரவவில்லை.

இந்த முடிவை ஒதுக்கித்தள்ள முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது. மானியம் நின்றதும் தடை வந்ததும் பள்ளிக்கு வராதவர்களையும் சேர்த்தே மாற்றின. ஆகவே ஒப்பிட எடுத்த ஆட்களின் வயலும் பழைய வயல் இல்லை. திட்டம் விரிந்த வேகத்தில் பள்ளிகளின் தரமும் ஒரே மாதிரி இருக்கவில்லை. அதே ஆண்டில் பல நாடுகளின் 25 மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, பெரும்பாலான இடங்களில் மருந்துப் பயன்பாடு கணிசமாகக் குறைந்ததைக் காட்டியது. இலங்கையின் தென்பகுதியில் நடந்து 2005இல் வெளியான ஆய்வும் பள்ளி முடித்தவர்கள் மருந்தைக் குறைத்ததை உறுதிசெய்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் ஜாவா ஆய்வும் இலங்கை ஆய்வும் ஒத்துப்போகின்றன. கற்றவரிடமிருந்து கல்லாதவருக்கு இந்தத் திறன் தானாகப் பரவுவதில்லை. ‘மருந்தடிக்காதே’ என்ற செய்தி டீக்கடையில் பரவும். குத்தை விலக்கிப் பார்த்து, எண்ணி, போன வாரத்தோடு ஒப்பிட்டு முடிவெடுக்கும் பழக்கம் டீக்கடையில் பரவாது. பன்னிரண்டு வாரம் சேற்றில் இறங்கினால்தான் வரும். 25 பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் ஊர் முழுக்கப் போய்ச் சேரும் என்று திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திரும்பி வந்த புகையான்

2010–11இல் ஜாவாவில் மறுபடியும் பெரும் புகையான் தாக்குதல் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மருந்து விற்பனை தாராளமாகியிருந்தது. கடைகளில் பெயர் தெரியாத எத்தனையோ மருந்துகள் குவிந்திருந்தன. வயல்வெளிப் பள்ளி என்ற பெயர் அரசுத் திட்டங்களில் இருந்தது. ஆனால் அது இப்போது விதையும் உரமும் வழங்கி உற்பத்தியைப் பெருக்கும் திட்டத்தின் ஒரு பகுதி. கூட்டங்கள் குறைந்தன, வயலில் உட்கார்ந்து பார்ப்பது குறைந்தது. முதல் தலைமுறை மாணவர்களுக்கும் வயதாகிவிட்டது.

எல்லாம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அதே இந்திரமாயுவில் 2000களின் இறுதியில் இந்தோனேசியப் பல்கலைக்கழக மானிடவியலாளர் யுனிதா வினார்த்தோவும் வேளாண் வானிலை அறிஞர் கேஸ் ஸ்டிக்டரும் உழவர்களோடு வேறொரு படிப்பைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் தன் வயலில் மழைமானி வைத்து, தினமும் காலையில் அளந்து, பயிரின் நிலையோடு குறித்துவைப்பது. மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது. பருவம் மாறிக்கொண்டே வரும் காலத்தில் எப்போது விதைப்பது என்பதுதான் இப்போதைய புகையான். பார்த்து, எழுதி, கூடிப் பேசி முடிவெடுக்கும் அதே பழக்கம் வேறு கேள்விக்குப் பயன்படுகிறது.

நம் வயலுக்கு எடுத்துக்கொள்வது

தமிழ்நாட்டில் உழவர் வயல்வெளிப் பள்ளி என்ற பெயர் வேளாண் துறைக்குப் புதிதல்ல. அட்மா என்ற வேளாண் விரிவாக்கத் திட்டத்தின் பண்ணைப் பள்ளியில் பயிரின் ஆறு முக்கியக் கட்டங்களில் வகுப்பு என்று வைத்திருக்கிறார்கள். 120 நாள் பயிரில் அது இருபது நாளுக்கு ஒரு தடவை. புகையான் குஞ்சு வளர்ந்து பூச்சியாக இரண்டு வாரம் போதும். இரண்டு வகுப்புக்கு இடையில் கதையே மாறிவிடும். வாரம் ஒருமுறை என்று ஜாவாவில் வைத்தது வசதிக்காக இல்லை, பூச்சியின் ஆயுளைப் பார்த்து. எதையாவது குறைத்தே ஆக வேண்டுமென்றால் பேச்சாளர், பந்தல், சாப்பாடு, கையேடு எல்லாவற்றையும் குறைக்கலாம். வார எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது.

எத்தனை பூச்சிக்கு மேல் போனால் மருந்தடிக்கலாம் என்று நம் வேளாண் பல்கலைக்கழகம் புகையானுக்குச் சொல்லும் வரம்பு நல்ல வரம்புதான்: சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. சிலந்தியையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள். ஆனால் தூருக்கு இரண்டு என்று எண்ணிப் பார்த்த உழவர்கள் எத்தனை பேர்? இரண்டரை மீட்டருக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடுவது, தண்ணீரை வடித்து வடித்துக் கட்டுவது, யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவது என்று மற்ற வழிகளும் நமக்குத் தெரியாதவை இல்லை. சுவரொட்டியில் படித்த இவற்றைத் தன் வயலில் இந்த வாரம் செய்யலாமா என்று முடிவெடுக்கும் பயிற்சிதான் இல்லை. அந்த இடத்தை இப்போது மருந்துக் கடைக்காரர் நிரப்புகிறார். வாடிய இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் இரண்டு நிமிடத்தில் மூன்று மருந்து வருகிறது. கடனுக்கும் கிடைக்கிறது.

ஜாவாவின் குறை ஒன்றையும் நாம் திரும்பச் செய்யாமல் இருக்கலாம். அங்கே பள்ளிக்கு வந்தவர்களில் ஆண்களே அதிகம். நம் ஊரில் நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில். குனிந்து தூரின் அடியைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். பச்சைப் பயிருக்குள் பழுத்த திட்டு முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். ‘பட்டா யார் பெயரில்?’ என்று கேட்டு ஆள் சேர்த்தால் வயலை நன்றாகத் தெரிந்தவர்கள் வெளியே நிற்பார்கள். கூலிக்கு வரும் பெண்களை ஒரு காலை நேரம் உட்காரவைத்தால் அந்த நேரத்துக் கூலியைக் கொடுக்கவும் வேண்டும்.

ஓர் ஊரில் அடுத்த சம்பாவுக்கு இதைத் தொடங்க நினைப்பவர்களுக்குத் தேவை அதிகமில்லை. சாலைக்குப் பக்கத்தில் இல்லாத, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வயல். நட்டதிலிருந்து வாரம் தவறாமல் வர ஒப்புக்கொண்ட 20, 25 பேர். தாள், கிரேயான், வலைத்துணி, சில குப்பிகள். ஏற்கெனவே ஒரு பருவமாவது தன் கையால் நெல் விளைவித்த ஒரு பயிற்சியாளர். வயலைக் கொடுப்பவர் பயப்படுவார். அவர் பயம் நியாயமானது. மருந்தடிக்காத பாதியில் விளைச்சல் குறைந்தால் ஈடுகட்ட ஒரு தொகையை முதல் வாரத்திலேயே ஊர்க் குழுவோ கூட்டுறவு சங்கமோ ஒதுக்கி, எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அறுவடையன்று இரண்டு பாதியையும் தனித்தனியாகத் தூற்றி, எடை போட்டு, மருந்து, உரம், ஆள்கூலி எல்லாவற்றையும் கழித்து, எந்தப் பாதியில் எவ்வளவு மிஞ்சியது என்பதை அந்த 25 பேரே எழுதிக் களத்துமேட்டில் ஒட்டலாம்.